80 ஆண்டுகள் வாய் திறக்காத தாத்தா!

இங்கிலாந்தின் வெல்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லம். ஓர் அறையில் அரைத் தூக்கத்தில் ஒரு தாத்தா படுத்திருக்கிறார். எதிரே, துணிமணிகள் வைக்கும் அறையில் ஊழியர் யாரோ விளக்கைப் போடுகிறார். பளிச்சென்று வெளிச்சம். தாத்தாவுக்கு மட்டும் அது விளக்காகத் தெரியவில்லை. குண்டு வெடித்த வெளிச்சமாகத் தெரிகிறது!

அவர் பெயர் ஹாரி பேட்ச். 1898-ல் பிறந்த பிளம்பர். முதல் உலகப்போரில் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கப்பட்டபோது வயது 18. பெல்ஜியத்தில் பாஷண்டேல் போர்க்களத்தின் சேற்றில், இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் ஐந்து பேரில் ஒருவர். 'முடிந்தவரை யாரையும் கொல்லக் கூடாது. காலைப் பார்த்துத்தான் சுட வேண்டும்' என்பது அந்த ஐந்து பேரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம்.

1917, செப்டம்பர் 22. இரவில் முகாமுக்குத் திரும்பும் வழியில் தலைக்கு மேல் ஒரு குண்டு வெடித்தது. மூன்று நண்பர்கள் அங்கேயே இறந்துபோனார்கள். அடிவயிற்றில் குண்டுச் சிதறல் பாய்ந்தும் ஹாரி பிழைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பினார். திருமணம் செய்தார், பிள்ளைகள் பெற்றார், மறுபடி பிளம்பர் வேலைக்குப் போனார். ஆனால், போரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் கூடவே வாழ்ந்த மனைவி ஏடாவிடம்கூட! 1976-ல் ஏடா இறந்தபோதும் அந்தக் கதை சொல்லப்படாமலே இருந்தது. போர்ப் படங்கள் பக்கமே அவர் போக மாட்டார். 1998-ல், 100 வயதில்தான் முதன்முறையாக வாய் திறந்தார். பேசப் பேச, மூன்று நண்பர்களை நினைத்து அழுதார். உலகம் நவம்பர் 11-ல் போர் நினைவு நாளை அனுசரிக்கிறது. அவருக்கோ என்றைக்கும் செப்டம்பர் 22-தான் நினைவு நாள்.

2004-ல், எதிரணியில் போரிட்ட சார்லஸ் குயன்ட்ஸ் என்ற 107 வயது முதியவரை நேரில் சந்தித்தார். ஒரு காலத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

2009, ஜூலை 25-ல், 111 வயதில் ஹாரி மறைந்தார். தன் இறுதிச் சடங்கில் துப்பாக்கியே இருக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். அப்படியே நடந்தது. பிரிட்டிஷ் வீரர்களோடு ஜெர்மனி வீரர்களும் வெறுங்கையோடு உடன் நடந்தார்கள்.

நம் வீட்டுத் தாத்தாக்களிடமும் இப்படி ஏதாவது புதைந்து கிடக்கலாம். சில கேள்விகளுக்கு அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபம் என்று நினைக்காதீர்கள். தோண்டித் துருவவும் வேண்டாம். பக்கத்தில் போய் உட்காருங்கள். சொல்லத் தோன்றும் நாளில், கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும் அல்லவா?