வறண்ட தோலில் கொப்புளமா? களிம்பு வாங்கும் முன் கவனியுங்கள்

பனிக்காலம் வந்தால் கை கால் வெடிப்பதும், விரல் ஓரங்களில் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்புவதும் பலருக்கு வழக்கம். ‘உடம்புச் சூடு’ என்று மோரும் இளநீரும் குடிப்போம். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பும் வாங்கித் தடவுவோம். மோரால் கெடுதல் இல்லை. களிம்பால் உண்டு.

ஏன் வருகிறது?

தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்புதான் உள்ளிருக்கும் நீரை வெளியே விடாமல் காக்கிறது. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும், சோப்புத் தூளும், பாத்திரம் துலக்கும் சோப்பும் அதைக் கரைத்துவிடும். காப்பு இழந்த தோலில் ஒவ்வாத பொருள் புகுந்தால் அழற்சி உண்டாகி, ஊறும் நீர் அடுக்குகளுக்கிடையே தேங்கும். அதுவே கொப்புளம். வறட்சி பெரும்பாலும் அதற்கு வழி திறந்துவிடுகிறது.

உள்ளங்கையிலும் விரல் ஓரங்களிலும் ஜவ்வரிசி பதித்ததுபோல் அரிப்போடு வருவது ஒருவகைக் கரப்பான். இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து தோல் உரியும், மறுபடியும் வரும். நாளெல்லாம் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் கைக் கரப்பான் அதிகம். ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கும். அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமை உண்டாக்கும். கையுறையும் பூட்ஸும் வேலை தருபவரிடம் கேட்டுப் பெற வேண்டியவை; அது சலுகை அல்ல.

களிம்பில் என்ன ஆபத்து?

கடையில் சும்மா எடுத்துத் தரும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் திரும்பும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். படர்தாமரை இருந்தால் அடையாளம் மாறிப் பரவும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை தடவினால் இதே ஸ்டீராய்டு நல்ல மருந்துதான்.

2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை விதித்தது. டியூபின் மேல் உள்ள எச்சரிக்கையைப் படியுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். சீட்டில்லாமல் விற்றால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் புகார் தரலாம். பில் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டில் செய்ய வேண்டியவை

• வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியுங்கள். ஈரத்தை ஒற்றியெடுத்த உடனே வாசலின் தடவுங்கள். புண் இல்லாத இடத்தில் தேங்காய் எண்ணெயும் போதும்.

• கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். மேல்தோல்தான் கிருமிக்குத் தடுப்பு. தானாக உடைந்தால் தண்ணீரில் கழுவி, வாசலின் தடவி, சுத்தமான துணியால் மூடுங்கள். பற்பசையும் சுண்ணாம்பும் வேண்டாம்.

• பாத்திரம் துலக்கும்போது பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போடுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சீழ், காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு, வாய்க்குள்ளும் புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளியின் காலில் சிறு கொப்புளம் வந்தாலும் அன்றே பார்க்க வேண்டும். முதியவருக்கு வாரக்கணக்கில் அரித்துப் பிறகு பெரிய கொப்புளங்கள் எழுந்தால் அதை வெறும் வறட்சி என்று விடக் கூடாது.

உடலின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக, எரிச்சலோடு வந்தால் அது அக்கியாக இருக்கலாம். காவி எழுதிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அக்கி ஒரு வைரஸ் நோய். அதற்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. போகும்போது இதுவரை தடவிய களிம்பின் டியூபையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் செய்யும் வேலை என்னவென்றும் மறக்காமல் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் கொப்புளம் மறுபடி வராமல் தடுக்க முடியும்.