கழிவுநீர்க் கசடில் கன உலோகங்கள்: உயிர்க்கரி கட்டுப்படுத்துமா?

பெங்களூரு: தொம்மலூர் பகுதியின் கழிவுநீர், கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூர் ஏரியை நோக்கிச் செல்கிறது. இப்பள்ளத்தாக்கின் சுத்திகரிக்கப்பட்ட நீரைக் கோலார் ஏரிகளுக்குக் கொண்டு செல்லும் திட்டம், நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற இலக்குடன் 2018 ஜூன் மாதம் தொடங்கியது. நீர் போய்விடும்; கசடு தங்கிவிடும். கவலைக்குரியது அந்தக் கசடே.

முலாம் பூசும் பட்டறைகள் போன்றவற்றிலிருந்து வெளியேறும் காரீயம், காட்மியம், குரோமியம் ஆகியவை பெரும்பாலும் கசடில்தான் படிகின்றன. காற்றுப்புகாத கலனில் கசடைச் செரிக்க வைத்தால், நுண்ணுயிரிகள் கரிமப்பொருளை மீத்தேன் கலந்த எரிவாயுவாக மாற்றுகின்றன. உலோகம் மட்டும் அழிவதில்லை. ஒரு கிலோ உலர் கசடில் 70 மில்லிகிராம் காரீயம் இருப்பதாகக் கொள்வோம். திடப்பொருளில் 40 சதவீதம் வாயுவாக மாறினால், எஞ்சும் 600 கிராமிலும் அதே 70 மில்லிகிராம் இருக்கும். அதாவது கிலோவுக்கு சுமார் 117 மில்லிகிராம். மட்கிய நகரக் கழிவு உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை அனுமதிக்கும் அளவு 100 மட்டுமே.

இங்குதான் உயிர்க்கரி உதவுகிறது. நெல் உமி, தேங்காய்ச் சிரட்டை, மரத்துண்டுகள் முதலியவற்றைக் குறைந்த ஆக்ஸிஜனில் சூடாக்கிப் பெறப்படும் கரி இது. இதன் நுண்துளைப் பரப்பில் உள்ள வேதித் தொகுதிகள் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. காரத்தன்மையும், கரியில் உள்ள கார்பனேட், பாஸ்பேட் உப்புகளும் அவற்றை எளிதில் கரையாத சேர்மங்களாகப் படியச் செய்கின்றன. இதனால் பயிரின் வேர் எளிதில் உறிஞ்சக்கூடிய பங்கு குறைகிறது. செரிமானக் கலனில் உருவாகும் சல்ஃபைடும் உலோகங்களைக் கட்டிவைக்கும் என்றாலும், வயலில் காற்றுப் பட்டதும் அந்தப் பிணைப்பு தளரக்கூடும்.

ஆனால் 'நிலைப்படுத்துதல்' என்பது 'நீக்குதல்' அன்று. கரி கலந்ததால் கசடின் மொத்த எடை கூடி, கிலோவுக்கான உலோக அளவு ஆய்வறிக்கையில் குறைந்து தெரியலாம். அது வெறும் நீர்த்தல், சாதனையாகக் காட்டத்தக்கதன்று. உலோகம் எந்த வேதி வடிவத்தில் உள்ளது என்பதைப் படிப்படியாகப் பிரித்தெடுத்து அளந்தால்தான் உண்மை விளங்கும். உர ஆணையின் வரம்போ மொத்த அளவையே கணக்கில் கொள்கிறது. எனவே, கரியால் உலோகம் கட்டுண்ட கசடுகூட வரம்பைத் தாண்டினால் உரமாக விற்க இயலாது.

கரியின் மூலப்பொருளும் முக்கியம். மாசுபட்ட கசடையே கரியாக்கினால், அதிலுள்ள உலோகங்களில் பெரும்பகுதி கரியிலும் தொடரும். அளவு மிகுந்தால் நுண்ணுயிரிகளின் செயல்பாடும் பாதிக்கப்படலாம். பட்டறைக் கழிவுநீரை வீட்டுக் கழிவுநீருடன் கலக்கும் முன்பே தடுப்பது இதைவிடச் செலவு குறைந்த வழி; அந்தப் பொறுப்பு கரிக்கு இல்லை, கண்காணிக்கும் அமைப்புகளுக்கே உண்டு.