பிள்ளை இல்லையென்றால் பெண்ணை ஏசுவதா?

போன மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு ஒரு சகோதரி மட்டும் தயங்கி நின்றார். வயது 34.

"அண்ணே, கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு முட்டை கம்மின்னு சொல்லிட்டாங்க. மாமியார் மலடின்னே பேசுறாங்க" என்றார்.

"உங்க வீட்டுக்காரர் சோதனை செய்தாரா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன குறைன்னு கேக்குறாரு" என்றார்.

தோழர்களே, தாய்மார்களே! தோட்டப் பள்ளியில் படித்தவன் நான், டாக்டர் அல்ல. ஆனால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததை உங்களுக்குச் சொல்வது என் கடமை.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் சுமார் 10 லட்சம் முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சமாகிவிடும். ஆயுள் முழுவதும் முதிர்ந்து வெளிவருவது 400, 500 தான். மற்றவை தாமே கரைந்து போகும். 37 வயதில் ஏறக்குறைய 25,000 மிஞ்சும். பால்மரத்தில் பட்டை வெட்டினால் மறுபட்டை வளரும். கருமுட்டைக்கு மறுபட்டை கிடையாது. வயது ஏற ஏற அதன் தரமும் குறையும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதே என்று சும்மா இருக்கவும் முடியாது. இருப்பு குறைந்த பிறகும் அது ஒழுங்காக வரலாம்.

சிலருக்கு இந்த இருப்பு சீக்கிரமே குறைகிறது. நூற்றில் ஒரு பெண்ணுக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பையின் வேலை தடைப்படுகிறது. தாய்வழியாக வரலாம். சினைப்பைக் கட்டிக்குச் செய்த அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிகரெட் ஆகியவையும் காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. இதில் அந்தப் பெண் செய்த தப்பு என்ன?

இன்னொன்றையும் கவனியுங்கள். முட்டை கம்மி என்றால் முட்டையே இல்லை என்று அர்த்தமல்ல. ஏ.எம்.எச். என்ற ரத்தச் சோதனையும் ஸ்கேனும் எவ்வளவு மிச்சம் என்றுதான் காட்டும். பிள்ளை பிறக்காது என்று தீர்ப்புச் சொல்லாது. ஒரு பிள்ளைக்கு ஒரு முட்டை போதும். இருப்பு குறைந்த பெண்கள் இயற்கையாகவே கருத்தரித்திருக்கிறார்கள். ஆனால் நாள் கடத்தக்கூடாது.

35 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு வருஷம் முயன்று பாருங்கள். 35க்கு மேல் என்றால் ஆறு மாதம் போதும். பிறகு டாக்டரைப் பாருங்கள். கணவனும் கூடப் போக வேண்டும். பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் குறையும் இருக்கிறது. ஆண்களே, உங்களுக்கான முதல் சோதனை மிகச் சுலபமானது. அதற்கு ஏன் வெட்கம்?

முட்டையைக் கூட்டும் என்று விற்கிற லேகியத்திற்குச் சம்பளத்தைக் கொட்டாதீர்கள். புது முட்டை உண்டாக்கும் மருந்து இன்றுவரை வரவில்லை. பத்துமலைக்குக் கரும்புத் தொட்டில் நேர்ந்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. கூடவே கிளினிக்குக்கும் போங்கள். அரசாங்கத்தின் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தில் இதற்கென்றே கிளினிக் உண்டு. செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க 2020 முதல் வழி இருக்கிறது. டாக்டர் எம்.சி. கொடுத்தால் அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு. கேட்டு வாங்குங்கள்.

அன்று மாலையே அந்தச் சகோதரியின் கணவரைப் பார்த்தேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. நெடுநேரம் பேசிய பிறகு, "சரிண்ணே, ரெண்டு பேரும் போறோம்" என்றார்.

பிள்ளை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மலடி என்ற சொல் நம் லயங்களில் இனிக் கேட்கக்கூடாது. அது நம் கையில்தான் இருக்கிறது.