பேண்டா, வாட்சா, தராசா?

“வாக்கிங் ஆரம்பிச்சிருக்கேன், எந்த வாட்ச் வாங்கலாம்?” என்று யாராவது கேட்டால் நான் உடனே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்வதில்லை. டீ வரட்டும், கொஞ்சம் பேசிவிட்டு முடிவு செய்யலாம் என்பேன். மலிவான பேண்டிலிருந்து மாதச் சம்பளத்தை விழுங்கும் வாட்ச் வரை, எல்லாப் பெட்டியின் மேலும் ஏறக்குறைய ஒரே வாக்குறுதிதான் அச்சாகியிருக்கிறது: காலடி, இதயத்துடிப்பு, தூக்கம், கலோரி. இவற்றில் சிலதைக் கருவி உண்மையிலேயே அளக்கிறது. சிலதை ஊகித்துச் சொல்கிறது. எது அளவு, எது ஊகம் என்று தெரிந்துவிட்டால் கடையில் வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துபோகும்.

முதலில் காலடிக் கணக்கு. கருவிக்குள் ஆக்ஸிலரோமீட்டர் என்று ஒரு சிறிய சில்லு இருக்கிறது. முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று திசைகளிலும் அசைவு எப்படி மாறுகிறது என்பதை அது பதிவு செய்துகொண்டே இருக்கும். கை வீசி நடக்கும்போது அந்த அசைவில் ஒரு சீரான தாளம் வரும். அந்தத் தாளத்தைப் பிடித்துத்தான் கருவி எண்ணுகிறது. அதனால் சமதரையில் இயல்பாக நடந்தால் எண்ணிக்கையை நம்பலாம், மலிவான பேண்டிலும்கூட. சிக்கல் வருவது கை வீசாத நடையில். இடுப்பில் குடத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு வருபவர், டிரெட்மில்லின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நடப்பவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுபவர் இவர்களுடைய காலடிகளில் பல விட்டுப்போகும். சைக்கிள் மிதித்தால் காலடிக் கணக்கில் பெரிதாக ஒன்றும் ஏறாது. உழைப்பு அதிகம், எண்ணிக்கை குறைவு.

வாங்கிய அன்றே சோதித்துப் பார்த்துவிடுங்கள். திரையில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி 200 அடி நடந்து, மறுபடி பாருங்கள். பத்துப் பதினைந்து கூடக்குறைய இருந்தால் கவலையில்லை. ஐம்பது தள்ளியிருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.

காலடி என்றதும் எல்லோருக்கும் 10,000 என்ற எண்தான் நினைவுக்கு வருகிறது. அது எந்த மருத்துவரும் ஆய்ந்து எழுதிக்கொடுத்த அளவில்லை. 1965-ல் ஜப்பானின் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டும் ஒரு காலடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்த எண்ணையே அதற்குப் பெயராக வைத்தது. விளம்பரம் பிடித்துக்கொண்டது, எண் உலகம் சுற்றியது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 வரை அந்தப் பலன் கூடிக்கொண்டே போய், பிறகு சமநிலைக்கு வந்தது. முப்பது வயதுக்காரருக்கு இதே எண்களைப் பொருத்த முடியாது. ஆனால் எழுபது வயது அம்மாவுக்கு பேண்ட் வாங்கிக் கொடுப்பவர்கள் அதில் 10,000 என்று இலக்கு வைத்து அவரை மிரட்டாமல் இருந்தால் போதும்.

அடுத்தது இதயத்துடிப்பு. வாட்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், அடியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கும் கணத்தில் மணிக்கட்டின் நுண்ணிய நாளங்களில் ரத்தம் பெருகுவதால் திரும்பி வரும் ஒளி குறையும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ரத்தம் வடிவதால் ஒளி கூடும். விளக்குக்குப் பக்கத்திலிருக்கும் உணரி இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணுகிறது. ஆகவே ஒளி கசியாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். வளையல் மாதிரி தொளதொளவென்று தொங்கினால் திரையில் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

உட்கார்ந்திருக்கும்போதும் சீரான வேகத்தில் நடக்கும்போதும் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. டம்பெல்லை இறுகப் பிடித்துத் தூக்கும்போதும், வேகம் திடீர் திடீரென்று மாறும் பயிற்சிகளிலும் தடுமாறும். அங்கே துல்லியம் வேண்டுமென்றால் மார்பில் கட்டும் பட்டைதான் சரி. அது ஒளியை நம்புவதில்லை, இதயத்தின் மின்துடிப்பையே வாங்குகிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே இதை ஓட்டக்காரர்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்றும் மணிக்கட்டுக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் பலர் ஒப்பீட்டுக்கு மார்புப் பட்டையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது கலோரி. ஏமாற்றம் மிகுந்த இடம் இதுதான். உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று சரியாக அறிய, முகத்தில் கவசம் மாட்டி, மூச்சில் உள்ளே போகும் ஆக்ஸிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் ஆய்வகத்தில் அளக்க வேண்டும். கையில் கட்டிய கருவிக்கு உங்கள் மூச்சு தெரியாது. நீங்கள் பதிந்த வயது, உயரம், எடை, பாலினம் இவற்றோடு அசைவையும் துடிப்பையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு விடை சொல்கிறது. உங்கள் உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நீங்கள் அந்தப் பயிற்சிக்கு எவ்வளவு பழகியவர் என்பதெல்லாம் அதற்குச் சரியாகத் தெரிவதில்லை.

2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் சர்ஜ், சாம்சங் கியர் எஸ்2 உள்ளிட்ட ஏழு கருவிகளை 60 பேரிடம் கட்டிப் பார்த்தார்கள். இதயத்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவற்றில் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன. ஆனால் மணிக்கட்டிலிருந்து கலோரியை ஊகிக்கும் அடிப்படை மாறவில்லை.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 105 கலோரி செலவாகும். அதில் 30 கலோரி அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் கூடுதலாகப் போனது 75-தான். கருவி 27 சதவீதம் கூட்டிச் சொன்னால் திரையில் 133 என்று வரும். அதைப் பார்த்து, ‘நூத்தி முப்பது எரிச்சாச்சு, ஒரு வடை சாப்பிட்டால் என்ன’ என்று நினைப்பவர் உண்மையில் நஷ்டக் கணக்கில் இருக்கிறார். ஆகவே என் உறுதியான ஆலோசனை இது: வாட்ச் காட்டும் கலோரியை வைத்துச் சாப்பாட்டை முடிவு செய்யாதீர்கள்.

அப்படியானால் அந்த எண்ணால் பயனே இல்லையா? உண்டு. பத்து நிமிடம் முன்னால் ஓடும் வீட்டுக் கடிகாரம் சரியான மணியைச் சொல்லாது. ஆனால் குளிக்க எத்தனை நிமிடம் ஆனது என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். ஒரே கருவியை, ஒரே கையில், ஒரே மாதிரியான பயிற்சிக்குக் கட்டினால், போன வாரத்தைவிட இந்த வாரம் கூடுதலாக உழைத்தோமா என்பதை ஓரளவு சொல்லும். உங்கள் எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவதில்தான் பொருளில்லை.

உள்ளே போகும் கலோரிக்கு வருவோம். எடை குறைய விரும்புபவருக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் கருவி சமையலறை டிஜிட்டல் தராசு. சில நூறு ரூபாய்தான். உணவுப் பதிவுச் செயலியில் ‘தோசை, இரண்டு’ என்று பதிந்துவிட்டுத் திருப்தி அடைகிறோம். எந்த அளவுத் தோசை, எவ்வளவு எண்ணெய் என்பது செயலிக்குத் தெரியாது. பாட்டிலைச் சாய்த்துக் கல்லைச் சுற்றி எண்ணெய் விடும் கைக்கும் தெரியாது. ஒருநாள் காலை, தோசை வார்க்கும் முன் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மறுபடி வையுங்கள். குறைந்திருக்கும் ஒவ்வொரு கிராமும் 9 கலோரி. ஒரு பெரிய கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெய், ஏறக்குறைய 120 கலோரி. நாம் மேலே போட்ட அரை மணி நேர நடைக் கணக்கு முழுவதும் அந்த ஒரு கரண்டிக்குள் முடிந்துவிடுகிறது. இந்த டீயில் போட்ட சர்க்கரையும் அப்படித்தான்: 5 கிராமுக்கு 20 கலோரி, ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

கருவியைக் கட்டினாலே எடை குறையும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 470 இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் எடைக்குறைப்புத் திட்டத்தில் இருந்தார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஆறு மாதத்துக்குப் பின் ஒரு பாதிக்கு மட்டும் அணியும் கருவியும் தரப்பட்டது. முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோவும், கருவி கட்டியவர்கள் 3.5 கிலோவும் குறைந்திருந்தார்கள். எடையைக் குறைப்பது பழக்கம். கருவி அந்தப் பழக்கத்துக்கு நினைவூட்டலாக இருந்தால் நல்லது. பழக்கத்தின் இடத்தில் போய் உட்கார்ந்தால் இழப்பு.

இவ்வளவும் தெரிந்தபின் தேர்வு எளிது. இப்போதுதான் நடக்கத் தொடங்குகிறீர்கள் என்றால் ஒன்றும் வாங்காதீர்கள். சட்டைப் பையில் இருக்கும் செல்போனே காலடி எண்ணும். ஒரு மாதம் விடாமல் நடந்தபின், வீட்டுக்குள் போன் இல்லாமல் நடப்பதும் கணக்கில் வர வேண்டும் என்று தோன்றினால் எளிய பேண்ட் ஒன்று வாங்கலாம். பெரும்பாலானோருக்கு அதுவே போதும், ஒருமுறை சார்ஜ் போட்டால் பல நாள் வரும். மாரத்தான் பயிற்சி எடுப்பவருக்குத் தூரமும் வேகமும் முக்கியம், ஆகவே ஜி.பி.எஸ். உள்ளேயே இருக்கும் வாட்ச் வேண்டும். சில மலிவு வாட்ச்கள் போனின் ஜி.பி.எஸ்.ஸைக் கடன் வாங்குபவை, கேட்டு வாங்குங்கள். எடை தூக்குபவர்களுக்கு மோதிர வகை கருவிகள் தோதுப்படாது, கம்பியில் உரசும், விரலை அழுத்தும். மாதச் சந்தா கட்டினால்தான் முழு விவரமும் காட்டும் கருவிகளும் உண்டு. விலையோடு இரண்டு வருடச் சந்தாவையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள், இவற்றைத் தயவுசெய்து வீட்டிலும் சொல்லுங்கள். அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு வழக்கம்போல ஏறாது. வாட்ச் சொல்லும் ‘இலக்குத் துடிப்பை’ எட்ட வேண்டும் என்று அவர்கள் வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு இருந்தால் அதுவே மிதமான பயிற்சி. மீதியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று, ஊசி குத்தாமலே ரத்தச் சர்க்கரையைக் காட்டும் என்று விற்கப்படும் வாட்ச்களும் மோதிரங்களும். அப்படித் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே கேடு.

வாங்கியபின் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், வழக்கம்போல இருந்து, உங்கள் சராசரி என்ன என்று பாருங்கள். அது 3,500 அடி என்றால் அடுத்த இலக்கு 4,500. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. அதை நோக்கி மெல்லப் போனால் போதும். சில மாதங்கள் கழித்து, ஓய்வாக இருக்கும்போது காட்டும் துடிப்பு முன்பைவிடச் சில எண்கள் இறங்கியிருந்தால் உடல் தேறுகிறது என்று மகிழலாம். கலோரி வரும் பக்கத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடும் வசதி பல வாட்ச்களில் இருக்கிறது. அதை முதல் நாளே செய்துவிடுங்கள்.