மூட்டைக்கு முன்னால் போகும் காகிதம்!

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் போய் 'வேர்க்கடலை இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். 'மல்லாட்டையா?' என்று திருப்பிக் கேட்பார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரின் பெயரால் 'மணிலாக்கொட்டை' என்று வந்தது, நம்மவர்கள் வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர். அதுவும் திண்டிவனத்தின் சுருக்கம்தான்!

இந்த மல்லாட்டை ஒரு காலத்தில் கப்பல் ஏறி பிரான்ஸ் நாட்டுக்குப் போனது தெரியுமா, குட்டீஸ்? அங்கே மார்செய் நகர ஆலைகளில் அதிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். அந்த எண்ணெயில் சோப்பும் செய்தார்கள். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. 1879ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை வந்ததும், மூட்டைகளைக் கடற்கரைக்குக் கொண்டு போவது சுலபமானது. ஆனால், கரையை ஒட்டிப் பெரிய கப்பல் நிற்க ஆழம் போதாது. அது தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளைப் படகில் ஏற்றி, அலைகளைத் தாண்டி அங்கே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.

இப்போது ஒரு சிக்கல். வியாபாரி ஒருவர் 500 மூட்டை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்செய்யில் இறக்கி எண்ணினால் 490தான் இருக்கிறது. மீதிப் பத்து எங்கே போயிற்று? ரயிலிலா, படகிலா, கப்பலிலா? 'என்னிடம் வந்ததே அவ்வளவுதான்' என்று எல்லோரும் கையை விரித்துவிட்டால்?

இந்தத் தகராறைத் தீர்க்க ஒரு காகிதம் உண்டு. அதன் பெயர் 'பில் ஆஃப் லேடிங்'. லேடிங் என்றால் சரக்கு ஏற்றுதல். சரக்கு ஏறியதும் கப்பல் கேப்டனோ, கப்பல் கம்பெனியின் ஏஜென்டோ கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். எத்தனை மூட்டை, மூட்டையின் மேல் என்ன குறி, எந்தத் துறைமுகத்தில் யாரிடம் சேர்க்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். 500 என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், 500ஐயும் ஒப்படைக்க வேண்டியது கப்பல்காரர் பொறுப்பு!

கப்பல்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சாக்கு கிழிந்திருந்தால், நனைந்திருந்தால், '20 மூட்டை ஈரம்' என்று அப்போதே எழுதிவிடுவார்கள். அப்புறம் ஈரத்துக்கு அவர்களைக் கேட்க முடியாதே! குறை எதுவும் எழுதப்படாத காகிதத்துக்கு 'கிளீன் பில்' என்று பெயர். வியாபாரிக்குப் பணம் கொடுக்கும் பேங்க்குகள் இந்த கிளீன் பில்லைத்தான் கேட்கும்.

அந்தக் காகிதம் ஒரு சாவி மாதிரியும் வேலை செய்யும். சரக்கை வாங்க வருகிறவர் அதைக் காட்ட வேண்டும். சரக்குக் கப்பல் ஆடி அசைந்து வருவதற்குள், காகிதம் வேகமான தபால் கப்பலில் முன்னாலேயே போய்விடலாம். பின்னால் கையெழுத்துப் போட்டு அதை இன்னொருவருக்கு விற்றுவிடவும் முடியும். மூட்டை நடுக்கடலில் இருக்கும்போதே அதன் சொந்தக்காரர் மாறிவிடுவார்! தபால் கப்பல் மூழ்கிவிட்டால்? அதற்காகவே ஒரே காகிதத்தை மூன்று பிரதிகளாக எழுதி, தனித்தனியாக அனுப்பும் வழக்கம் வந்தது. ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது.

இந்தக் காகிதத்துக்காக பிரிட்டிஷ் இந்தியாவில் 1856லேயே ஒரு குட்டிச் சட்டம் வந்தது. அதில் மூன்றே மூன்று பிரிவுகள்! அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது 2025ல்தான்.

கப்பலுக்கு இது என்றால், ரயிலுக்கு ஆர்.ஆர்., லாரிக்கு எல்.ஆர். ஆர்.ஆர். என்பது ரயில்வே ரசீது, எல்.ஆர். என்பது லாரி ரசீது. சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, திருவண்ணாமலை சாலைகள் கூடுகிற ஊர் திண்டிவனம். அங்கே போகிற வருகிற லாரிகளில், டிரைவரிடம் இந்த எல்.ஆர். கட்டாகவே இருக்கும்.

உங்கள் அப்பா 12,000 ரூபாய் தையல் மெஷின் ஒன்றை லாரி பார்சலில் அனுப்புகிறார்; வாடகை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் தொலைந்துவிட்டால் எவ்வளவு கிடைக்கும்? 12,000 என்றுதானே சொல்வீர்கள்? இல்லை! சாலைவழிச் சரக்குகளுக்கான 2007ம் ஆண்டுச் சட்டமும், 2011ல் வந்த அதன் விதிகளும், வாடகையைப் போலப் பத்து மடங்குதான் உச்சவரம்பு என்கின்றன. அதாவது 3,000 ரூபாய்! புக்கிங் செய்யும்போதே 'இதன் மதிப்பு இவ்வளவு' என்று எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணமும் கட்டியிருந்தால்தான் அதற்கு மேல் கேட்கலாம். அந்த ஒரு வரியை எழுதாததால் 9,000 ரூபாய் போயே போச்சு! வழக்குப் போடுவதென்றால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் லாரி கம்பெனிக்கு நோட்டீஸும் கொடுத்திருக்க வேண்டும்.

'டிரைவர் கண் அசந்துவிட்டார்' என்றெல்லாம் சொல்லி லாரி கம்பெனி தப்பிக்க முடியாது. போர், கலவரம், இயற்கைச் சீற்றம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அனுப்புகிறவருக்கும் பொறுப்பு இருக்கிறது. பட்டாசுப் பெட்டியை 'துணி' என்று எழுதிக் கொடுத்து, வழியில் தீப்பிடித்தால், பொய் எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும். பார்சலை வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும்? லோடுமேன் அவசரப்படுத்தினாலும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்தால், கிழிந்திருந்தால், அதை ரசீதிலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

உங்கள் தெரு மளிகைக் கடையில், கம்பியில் குத்தி வைத்திருக்கும் சீட்டுகளில் ஒரு எல்.ஆர். இருந்தாலும் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'டு பே' என்று இருந்தால் வாடகையை அவர்தான் கட்ட வேண்டும். 'பெய்ட்' என்று இருந்தால், சரக்கு அனுப்பியவரே கட்டிவிட்டார்!