தலைமைப் பதவித் தேடல் நிறுவனங்களின் இடைநிலைப் பணி: ஐ.பி.எம். நியமனத்தை (1993) முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பெருநிறுவனங்களின் உயர்பதவிகளுக்கு உரியவரைத் தேடித் தரும் நிறுவனங்கள் செயற்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அறியப்படாத திறமையாளரைக் கண்டறிவதைவிட, முன்பே அறியப்பட்ட இரு தரப்பினரிடையே மறைவாகப் பேசி இசைவு காண்பதே அவற்றின் தலையாய பணி என்பதை ஐ.பி.எம். தேடலின்வழி எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தேடல் நிறுவனம், இயக்குநர் குழு, இடைநிலையாளர், அணுகா விதி.

முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் விரிவடைந்தபோது இத்தொழிலும் வளர்ந்தது. ஹைட்ரிக் அண்டு ஸ்ட்ரகிள்ஸ் 1953-இலும் ஸ்பென்சர் ஸ்டூவர்ட் 1956-இலும் சிகாகோவில் தொடங்கப்பெற்றன. இவற்றுக்குக் கட்டணம் செலுத்துவது பணியமர்த்தும் நிறுவனமேயன்றி வேலை தேடுவோர் அல்லர். இத்தொழிலின் இயல்பைத் தீர்மானிப்பது இவ்வுறவே ஆகும்.

தேடலின் படிநிலைகள்

முதற்கண், இயக்குநர் குழுவுடன் கலந்துபேசிப் பதவியின் தேவைகள் வரையறுக்கப்படுகின்றன. அடுத்து, ஒத்த பொறுப்புகளில் இருப்போரின் நீண்ட பட்டியல் உருவாகிறது. துறையறிந்தோரிடம் உசாவி அது சில பெயர்களாகச் சுருக்கப்படுகிறது. நேர்காணல், பின்புல விசாரணை, ஊதியப் பேச்சு ஆகியன அதன்பின் நிகழ்கின்றன. கட்டணம் பொதுவாக முதலாண்டு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது தவணைகளில் பெறப்படுகிறது.

ஒரு நிறுவனத்திற்குப் பணியாற்றிய தேடல் நிறுவனம், குறிப்பிட்ட காலம்வரை அங்குள்ள அலுவலர்களை வேறிடத்திற்கு அழைப்பதில்லை. இதனை ‘அணுகா விதி’ எனலாம். இதனால் வாடிக்கையாளர் பெருகப் பெருகத் தேடத்தக்க களம் சுருங்குகிறது.

ஐ.பி.எம். தேடல்

1992-இல் ஏறத்தாழ 500 கோடி டாலர் இழப்பைச் சந்தித்த ஐ.பி.எம்., 1993 சனவரியில் தன் தலைவர் ஜான் ஏக்கர்ஸ் விலகவிருப்பதை அறிவித்தது. இயக்குநர்களுள் ஒருவரான ஜேம்ஸ் பர்க் தேடற்குழுவுக்குத் தலைமையேற்றார். மேற்கூறிய இரு தேடல் நிறுவனங்களும் ஒருசேர அமர்த்தப்பட்டன. அணுகா விதியால் ஒன்று நெருங்கவியலாதவரை மற்றொன்று நெருங்கலாம் என்பது இவ்வேற்பாட்டின் பயன்.

ஆயினும், பேசப்பட்டவர்கள் எவரும் அறியப்படாதவர் அல்லர். பெருநிறுவனத் தலைவர்கள் பலரின் பெயர்கள் நாளேடுகளில் அடிபட்டன. இறுதியில் ஏப்ரல் 1 அன்று பொறுப்பேற்ற லூயிஸ் கெர்ஸ்ட்னர், ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோவின் தலைவராக நன்கு அறியப்பட்டவர். பதவி காலியாகும் செய்தி வெளிவருமுன்பே பர்க் தம்மிடம் பேச்செடுத்ததாகவும் தாம் அப்போது மறுத்ததாகவும் அவர் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அவ்வாறாயின் இடைநிலையாளர் எதற்கு? பொறுப்பில் இருக்கும் தலைவர் வேறு பதவியை நாடுவது வெளிப்பட்டால் அவர்தம் நிலை தளரும். அழைத்த நிறுவனம் மறுக்கப்பட்டது வெளிப்பட்டால் அதன் மதிப்புக் குன்றும். இரு தரப்பும் கட்டுப்படாமல் கருத்தறிய மூன்றாமவர் வழியமைக்கிறார்.

முடிவுரை

மறைவே இப்பணியின் வலிமை, குறையும் அதுவே. விண்ணப்பம் இல்லாத இம்முறையில், பட்டியலில் இடம்பெறாதவர் தாம் விலக்கப்பட்டதையே அறியார். முன்னரே உயர்பதவியில் இருப்போர் மீண்டும் பட்டியலுக்குள் வருகின்றனர். தலைமைச் செயல் அலுவலர் சந்தை மூடுண்டது என்று ராகேஷ் குரானா 2002-இல் வெளியிட்ட நூலில் வாதிடுவதும் இதனோடு ஒத்துப்போகிறது. எனவே, ஒரு நியமனத்தை மதிப்பிடும் ஆய்வு, தெரிவானவரின் தகுதியோடு நின்றுவிடாமல், முதற்பட்டியல் எவ்வாறு உருவானது என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.