ஒரே வகுப்பில் அமர்ந்த பிள்ளைகள்: பழைய நகைச்சுவைப் படங்களின் இரு முகங்கள்

ஹாலிவுட்டின் பழைய நகைச்சுவைக் குறும்படங்களில் ‘அவர் கேங்’ வரிசைக்குத் தனி இடமுண்டு. தயாரிப்பாளர் ஹால் ரோச் 1922ல் தொடங்கிய இந்த வரிசையில், 1944 வரை 220 குறும்படங்கள் வெளிவந்தன. அவற்றில் ஒரு பகுதி ‘தி லிட்டில் ராஸ்கல்ஸ்’ என்ற பெயரில் பின்னர் தொலைக்காட்சிக்கும் வந்தது.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடி அடிக்கும் லூட்டிதான் கதை. அந்தக் கூட்டத்தில் தொடக்கம் முதலே கறுப்பினப் பிள்ளைகளும் இருந்தனர். ‘சன்ஷைன் சேமி’ எனப்பட்ட எர்னி மோரிசன், ‘ஃபரினா’வாக நடித்த ஆலன் ஹோஸ்கின்ஸ், ‘ஸ்டைமி’ மேத்யூ பியர்ட், ‘பக்வீட்’ பில்லி தாமஸ் ஆகியோர் அடுத்தடுத்து ரசிகர்களைக் கவர்ந்தனர். ஹோஸ்கின்ஸ் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

அன்றைய அமெரிக்காவில் இது சிறிய செய்தியல்ல. தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்க வேண்டும் என்பது சட்டம். அரசுப் பள்ளிகளில் அப்படிப் பிரிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954ல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ரோச்சின் படங்களில் அவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். ஒன்றாக விளையாடினர், ஒன்றாகவே மாட்டிக்கொண்டனர்.

அந்தக் காட்சி சிலரை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். இதே பாணியில் ரோச் தயாரித்த ‘கர்லி’ படத்தை, டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழு 1947ல் தடை செய்தது. இரு இனப் பிள்ளைகளையும் பள்ளியில் ஒன்றாகக் காட்டியதே காரணம்.

சிரிப்பின் விலை

ஆனால், கூட்டத்தில் இடம் கிடைத்ததாலேயே சமமான சித்திரிப்பும் கிடைத்துவிடவில்லை. ஃபரினா, பக்வீட் இரண்டுமே தானிய உணவுகளின் பெயர்கள். பேய் என்றதும் கண்களை உருட்டி நடுங்குவது, தர்பூசணியைக் கண்டால் பாய்வது போன்ற பழகிப்போன கேலிகள் கறுப்பினப் பிள்ளைகளின் பங்காயின. மௌனப் படங்களில் திரையில் வரும் வசன அட்டைகளில்கூட அவர்களின் பேச்சு வேண்டுமென்றே கொச்சையாக எழுதப்பட்டது.

எல்லாப் பாத்திரமும் அப்படி அமையவில்லை. வட்டத் தொப்பியுடன் வரும் ஸ்டைமி, நிதானமும் சமயோசிதமும் உள்ளவன். பல காட்சிகளில் பெரியவர்களையே பேச்சில் மடக்குகிறான். அங்கே சிரிப்பு எழுவது அவனது நிறத்தால் அல்ல, புத்தியால்.

வெட்டினால் தீருமா?

1971ல் தொலைக்காட்சி விநியோக நிறுவனமான கிங் வேர்ல்ட், இனக் கேலி மிகுந்த காட்சிகளை வெட்டியது. சில படங்களை முழுமையாகவே விலக்கியது. புண்படுத்தும் காட்சிகள் சிறுவர்கள் கண்ணில் படாமல் போனது நல்லதே. ஆயினும் கேலியை வெட்டும்போது, அதில் நடித்த பிள்ளையின் பங்கும் சேர்ந்து குறைகிறது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் திரையில் அரிதாகவே இடம் கிடைத்த காலத்தில் அவர்கள் உழைத்துப் பதித்த தடம் அது.

இப்படங்களை இன்று பிள்ளைகளுடன் பார்க்கும் பெற்றோர், திரையில் யார் இருக்கிறார்கள் என்பதோடு நின்றுவிடத் தேவையில்லை. யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்றும் கேட்கலாம். அந்த வேறுபாடு ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.